மரத்தின் மறுவாழ்வு

உரைநடை உலகம்

நுழையும்முன்

புயலில் சாய்ந்த மரமும், இடித்த வீட்டின் உத்தரமும், அறுவை ஆலையில் கழித்துப் போட்ட பலகையும் பெரும்பாலும் அடுப்பிற்கே செல்கின்றன. அவற்றுள் மேசையாகவும் நாற்காலியாகவும் கதவாகவும் ஆகத்தக்க கட்டைகள் பல உண்டு. அவற்றை இனங்கண்டு, உலர்த்தி, இழைத்து, ஒருவருடைய தேவைக்கு ஏற்ப அறைகலனாக்குவது தொன்மையான தொழில். இன்றைய சூழலியல் தேவையும்கூட. அத்தொழிலில் உலகப் புகழ்பெற்ற தச்சர் ஒருவரின் வாழ்க்கைப் பாதை புதுச்சேரி வழியாகவும் சென்றது. அவர் கண்ட மரத்தையும், மரத்தில் அவர் கண்டதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆரோவில்லில் ஒரு மேசை

புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் பெரியதொரு மரமேசை இருக்கிறது. அமைதி மேசை என்பது அதன் பெயர். 1996ஆம் ஆண்டு அது அங்கு வந்து சேர்ந்தது. காண்பவரை முதலில் ஈர்ப்பது அதன் விளிம்பு. நேர்கோடாக அறுக்கப்படாமல், மரம் உயிருடன் நின்றபோது பட்டைக்கு உள்ளே எப்படி வளைந்து நெளிந்திருந்ததோ அப்படியே அது விடப்பட்டுள்ளது.

பொதுவாக மேசை செய்பவர் நீள அகலங்களை முதலில் முடிவு செய்வார். பின்னர் அவ்வளவிற்குப் பலகையை அறுத்துக்கொள்வார். வளைவு, கணு, வெடிப்பு ஆகியவை கழிவாக ஒதுக்கப்படும். இம்மேசையிலோ பலகை முந்திக்கொண்டது. வடிவம் அதனைப் பின்தொடர்ந்தது. இத்தகைய தச்சுமுறையை வளர்த்தெடுத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்தவர். 1905 முதல் 1990 வரை வாழ்ந்தவர்.

காடும் கட்டடமும்

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் பிறந்த நகாஷிமா, இளமையில் மலைகளிலும் காடுகளிலும் நடந்து திரிந்தார். பல்கலைக்கழகத்தில் முதலில் காட்டியல் பயின்றார்; பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றபின் உலகப் பயணம் மேற்கொண்டார். பாரிசில் சிலகாலம் தங்கி, டோக்கியோ சென்று, அங்கு அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்கான கட்டடத்தை வடிவமைக்கும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. கோல்கொண்டே என்று பெயர் பெற்ற அக்கட்டடம், இந்தியாவின் தொடக்ககால வலுவூட்டிய காங்கிரீட் கட்டடங்களுள் குறிப்பிடத்தக்கது. அதன் பணிக்காக 1937இல் நகாஷிமா புதுச்சேரி வந்தார். வந்தவர் ஆசிரமவாசிகளுள் ஒருவராகவே ஆகிவிட்டார். ஊதியம் பெறவும் மறுத்தார். 'அழகில் இன்புறுபவர்' என்னும் பொருளில் சுந்தரானந்தா என்ற பெயர் அவருக்கு அங்குச் சூட்டப்பட்டது.

புதுச்சேரியின் வெம்மைக்கும் ஈரப்பதத்திற்கும் ஏற்ற கட்டடம், அதற்குள் எளிமையான தேக்கு அறைகலன்கள் என அவருடைய பணி விரிந்தது. வரைபலகையில் கோடு இழுத்துவிட்டுப் பிறரிடம் வேலையை ஒப்படைக்கும் முறைக்கு மாறாக, வடிவமைப்பவரே கட்டும் இடத்தில் நின்று பொருளைக் கையாண்டு கற்கும் முறை அங்கு வாய்த்தது. 1939இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டுகளில் கட்டடக்கலையை விட்டு அறைகலன் செய்யும் தொழிலில் இறங்கினார். ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை தம் பொறுப்பிலேயே உருவாக்க வேண்டும் என்னும் விருப்பமே அதற்குக் காரணம். 1941இல் சியாட்டில் நகரில் சிறு பட்டறை ஒன்றை அமைத்தார்.

முள்வேலிக்குள் ஒரு பட்டறை

பட்டறை நிலைபெறுமுன் போர் வந்தது. 1941 திசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் ஆகியவற்றை விட்டுத் தடுப்பு முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லை. நகாஷிமாவும் அவர் மனைவி மரியனும், பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த மகள் மீராவுடன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஐடஹோ மாநிலத்தின் வறண்ட நிலப்பரப்பில் அமைந்த மினிடோக்கா முகாம் அவர்களுடைய இருப்பிடமாயிற்று.

அம்முகாமில் கென்டாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபுத் தச்சுக்கலையில் முறையாகப் பயின்றவர் அவர். பட்டம் பெற்ற கட்டடக்கலைஞரான நகாஷிமா அவருக்கு உதவியாளராக அமர்ந்து கற்றார். உளியைத் தீட்டுதல், இழைப்புளியைக் கையாளுதல், ஆணி அடிக்காமல் கட்டைகளை ஒன்றோடொன்று கவ்வச் செய்யும் பொருத்துகள் ஆகியவை அவருக்கு அங்கே வசப்பட்டன.

நல்ல மரம் வாங்குவதற்கு முகாமில் வழியில்லை. குடியிருப்புக் கொட்டகைகளைக் கட்டியபின் எஞ்சிக் கிடந்த துண்டுப் பலகைகளும், சுற்றியிருந்த வறள்நிலத்தில் வளர்ந்த புதர்களின் கோணல் கட்டைகளுமே கிடைத்தன. கிடைத்தவற்றைக் கொண்டு, குளிரும் புழுதியும் புகும் கொட்டகைகளை மக்கள் வாழத்தக்க இடமாக்கும் அறைகலன்களை இருவரும் செய்தனர். எந்தத் துண்டையும் வீணாக்க முடியாத நிலை. ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எதற்கு உதவும் என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். வறுமையால் வந்த அப்பழக்கம், பிற்காலத்தில் மரம் ஏராளமாகக் கிடைத்தபோதும் நகாஷிமாவை விட்டு நீங்கவில்லை.

[தெரியுமா?
தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க அரசு 1988ஆம் ஆண்டு சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரியது. அப்போது உயிருடன் இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு வழங்கவும் அச்சட்டம் வகை செய்தது.]

கழித்த பலகைகள்

முன்பு டோக்கியோவில் பணி தந்த ரேமண்ட், இப்போது பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் பகுதியில் பண்ணை வைத்திருந்தார். அவர் பொறுப்பேற்றதால் 1943இல் நகாஷிமா குடும்பத்தினர் முகாமிலிருந்து விடுபட்டனர். பண்ணை வேலைகளைச் செய்துகொண்டே நகாஷிமா மீண்டும் உளியை எடுத்தார். பின்னர் அங்கேயே நிலம் பெற்று, வீட்டையும் பட்டறையையும் தம் கையாலேயே கட்டினார்.

கையில் பணம் குறைவு. கணுவும் வெடிப்பும் ஓட்டையும் இருப்பதால் வணிகர்கள் கழித்துவிட்ட பலகைகளையே அவரால் வாங்க முடிந்தது. சீரான பலகையைத் தேடும் தொழிற்சாலைக்கு அவை பயனற்றவை. நகாஷிமாவிற்கு அவை வேறுவகையாகத் தெரிந்தன. கணு, கிளை ஒன்று புறப்பட்ட இடம். வெடிப்பு, மரம் உலர்ந்தபோது ஏற்பட்ட இறுக்கத்தின் தடம். இழையோட்டத்தின் சுழிவு, காற்றையும் சரிவையும் தாங்கி மரம் நின்றதன் பதிவு. இவற்றை மறைக்காமல் முன்னிறுத்தினால் ஒவ்வொரு மேசையும் தனக்கென ஒரு முகம் பெறும் என்பதை அவர் கண்டார். 1981இல் வெளியான அவருடைய நூலின் தலைப்பு, மரத்தின் ஆன்மா என்னும் பொருள் தருவது.

மரத்தைப் படித்தல்

மீட்ட மரத்தில் வேலை செய்பவர் முதலில் கற்க வேண்டியது பொறுமை. பச்சை மரம் நீர் நிறைந்தது. அதனை அறுத்தவுடன் அறைகலனாக்கினால் சில திங்களில் பலகை முறுக்கிக்கொள்ளும். பொருத்துகள் வாய் பிளக்கும். மரத்தின் ஈரம், உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. அச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைவிட ஏறத்தாழ இருமடங்கு. நீளவாட்டில் மிகச் சிறிது. முழு உருளையாகக் கிடக்கும் கட்டை வெடிப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

ஆகவே சாய்ந்த மரத்தை விரைவில் பலகைகளாக அறுத்துவிட வேண்டும். மாமரம் போன்றவற்றில் காலம் தாழ்த்தினால் பூஞ்சைக் கறையும் துளைக்கும் வண்டும் புகுந்துவிடும். அறுத்த பலகைகளை மேடான நிழலிடத்தில், ஒவ்வொன்றிற்கும் இடையே மெல்லிய குச்சிகளை ஒரே சீராக வைத்து அடுக்க வேண்டும். காற்று எல்லாப் பக்கமும் செல்ல இது வழி செய்யும். பலகையின் இரு முனைகளிலும் ஈரம் விரைவாக வெளியேறி வெடிப்பு உண்டாகும் என்பதால், அம்முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசுவர். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது தச்சர்கள் கொள்ளும் பொதுக்கணக்கு. மர வகைக்கும் ஊரின் காற்றுக்கும் ஏற்ப அது கூடும், குறையும்.

அறுக்கும் திசையும் முக்கியமானது. ஒரே அடிமரத்தை ஒரு திசையில் அறுத்தால் நேரான கோடுகள் தோன்றும். வேறு திசையில் அறுத்தால் மலைமுகடு போன்ற வளைவுகள் தோன்றும். முதல் வெட்டு விழுந்தபின் மாற்ற வழியில்லை. அதனால் நகாஷிமா, பெரிய மரங்களை அறுக்கும்போது ஆலையில் தாமே நின்று வெட்டின் திசையையும் கனத்தையும் முடிவு செய்தார்.

பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் மரம் வேறு வகையான கவனத்தை வேண்டுகிறது. பல பத்தாண்டுகள் உலர்ந்துவிட்டதால் அது இனி அதிகம் சுருங்காது. அதுவே அதன் பெருமை. ஆனால், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ஒன்று ரம்பத்தின் பற்களைச் சிதைத்துவிடும், பணியாளரையும் காயப்படுத்தக்கூடும். எனவே ஒவ்வோர் ஆணியையும் தேடிப் பிடுங்கிய பின்னரே இழைக்கத் தொடங்க வேண்டும். கரையான் அரித்த பகுதியையும் ஈரத்தில் உளுத்த பகுதியையும் தட்டிப் பார்த்து ஒலியால் அறிவர். நல்ல கட்டை கணீரென ஒலிக்கும்; உளுத்த கட்டையின் ஒலி மங்கிக் கேட்கும்.

[தெரிந்து தெளிவோம்
மரத்தின் நடுவே உள்ள செறிந்த, நிறம் மிக்க பகுதி வைரம். அதனைச் சூழ்ந்துள்ள வெளிர்ந்த, மென்மையான பகுதி வெளிறு. முதிர்ந்த உறுதிக்கு 'வைரம் பாய்ந்த கட்டை' என்னும் வழக்கு இதிலிருந்தே வந்தது. தொல்காப்பியம் மரபியலில், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும் புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. வைரத்தைக் குறிக்க அங்கு ஆளப்படும் சொல் காழ்.]

பிளவும் பூட்டும்

வெடிப்புள்ள பலகையை நகாஷிமா எவ்வாறு பயன்படுத்தினார் என்பது கற்கத்தக்கது. வெடிப்பை மெழுகாலோ பசையாலோ மூடி மறைப்பது எளிது. எனினும், மரம் பருவத்திற்கேற்ப ஈரத்தை ஏற்றும் விட்டும் விரிந்து சுருங்குவதால், மறைத்த வெடிப்பு மீண்டும் திறந்துகொள்ளும். அவர் வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவிலான மரப்பூட்டுகளைப் பதித்தார். இரு முனைகளும் அகன்று, இடை ஒடுங்கிய கட்டை அது. அதே வடிவிலான குழியைப் பலகையில் உளியால் தோண்டி, கட்டையை அதில் இறுக அமர்த்துவர். பூட்டின் இழை, வெடிப்பிற்குக் குறுக்காக ஓடும்படி வைக்கப்படும். ஒடுங்கிய இடை வெடிப்பின் மேல் அமர, அகன்ற முனைகள் இருபுறத்தையும் பற்றிக்கொள்ளும். வெடிப்பு மேலும் நீளாது.

ஈட்டி போன்ற கருநிற மரத்தில் பூட்டைச் செய்து வெளிர்ந்த பலகையில் பதிக்கும்போது, அது காண்போர் கண்ணிலும் தெளிவாகப் படும். பழுதுபார்த்த இடம் ஒளிவின்றித் தெரிகிறது. அதுவே அழகாகவும் அமைகிறது.

ஒருவர்க்கென ஒன்று

மீட்ட மரத்தில் ஒரே அளவான நூறு பலகைகளைப் பெற இயலாது. ஒன்று அகலம், ஒன்று குறுகல்; ஒன்றில் கணு, ஒன்றில் வளைவு. பெருமளவில் ஒரே வடிவத்தைச் செய்து குவிக்கும் தொழிற்சாலைக்கு இஃது இடையூறு. ஒருவருக்கென ஒன்றாகச் செய்யும் தச்சருக்கோ இதுவே வாய்ப்பு. மீட்ட மரமும் தேவைக்கேற்ற தனி வடிவமும் இணைந்து நிற்பதற்கு இதுவே அடிப்படை.

நியூ ஹோப் பட்டறைக்கு அறைகலன் வேண்டி வருவோர், அடுக்கி வைத்த பலகைகளிடையே நகாஷிமாவுடன் நடந்து தமக்கான பலகையைத் தேர்ந்தெடுப்பர். எந்த அறையில் வைப்பது, எத்தனை பேர் அமர்வது, எவ்வளவு உயரம் வேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்து அவர் சிறு படம் வரைவார். செய்து முடித்த பொருளின் அடிப்புறத்தில் அதனைப் பெறுபவரின் பெயர் எழுதப்படும். 1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கும் அவர் வருகை தந்து, அங்கு அறைகலன்களை வடிவமைத்தார்.

அமைதிக்காக ஒரு மரம்

1984இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டிலிருந்து மிகப்பெரிய அக்ரூட் அடிமரம் ஒன்று நகாஷிமாவிற்குக் கிடைத்தது. விலைபேசி விற்றிருந்தால் எத்தனையோ மேசைகளாகியிருக்கும். அவரோ கண்டத்திற்கு ஒன்றாக அமைதியின் மேடைகளைச் செய்ய விரும்பினார். அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளை, ஏட்டை விரித்து வைத்தாற்போல அருகருகே அமைத்து, வண்ணத்துப்பூச்சிப் பூட்டுகளால் இணைத்தார். முதல் மேடை 1986ஆம் ஆண்டின் இறுதி நாளில் நியூயார்க்கின் தூய யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது.

1990இல் அவர் மறைந்தார். முகாமுக்குள் கைக்குழந்தையாகச் சென்ற மகள் மீரா, கட்டடக்கலை பயின்று, தந்தையிடம் தொழில் கற்று, பட்டறையின் பொறுப்பை ஏற்றார். ஆசியாவிற்கான மேசை ஆரோவில் வந்தது அதன் பின்னரே. இளம் கட்டடக்கலைஞராகப் புதுச்சேரியிலிருந்து அவர் புறப்பட்டு 57 ஆண்டுகள் கழித்து, அவர் கருதிய மேசை அந்நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. நாட்டினராலேயே ஐயத்துடன் ஒதுக்கப்பட்ட ஒருவர், பகை பாராட்டாமல் எல்லா நாட்டினரும் கூடியமர ஒரு மேசையைக் கருதினார் என்பதே அதன் சிறப்பு.

நம் மண்ணின் மரங்கள்

தமிழ்நாட்டில் மீட்ட மரத்திற்குக் குறைவில்லை. செட்டிநாட்டின் பெருவீடுகளுக்காகப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் பல தலைமுறைகள் நின்றது. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாமற்போன வீடுகள் பிரிக்கப்படும்போது, அம்மரம் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறது. அங்கிருந்து உத்தரம் உணவு மேசையாகவும், கதவு கட்டிலின் தலைப்பலகையாகவும் மாறிப் புதிய வீடுகளுக்குச் செல்கிறது. வீடு நிலைத்திருக்குமாயின் அதுவே நன்று. பிரிந்தபின் அதன் மரமேனும் நிலைக்க வேண்டும்.

2016 திசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு வீழ்த்தியது. தென்னைக்குக் கிளையில்லை, ஆதலால் அதன் கட்டையில் கணுவும் இல்லை. அதன் உறுதி முழுவதும் புறத்தே உள்ளது, நடுப்பகுதி மென்மையானது. புறப்பகுதியை அறுத்தெடுத்து அறைகலன் சட்டமாகவும் பலகையாகவும் பயன்படுத்தலாம். தொல்காப்பியர் கண்ட புறக்காழ் என்னும் உண்மை, இன்றைய அறுவைப் பட்டறையிலும் வழிகாட்டுகிறது. வேம்பும் பூவரசும் பலாவும் நம் ஊர்ப்புறங்களில் அறைகலனுக்கு ஏற்றவை. பொது இடத்தில் சாய்ந்த மரமாயின் உரிய அலுவலரின் ஒப்புதல் பெற்றே எடுத்தல் வேண்டும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். மரம் எரிந்தாலோ மட்கினாலோ அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். மேசையாக இருக்கும்வரை அது மேசைக்குள்ளேயே இருக்கும். தொலைவிலுள்ள காட்டில் ஒரு மரம் வெட்டப்படுவதும், அது கடல் கடந்து வருவதும் தவிர்க்கப்படும். ஊரின் தச்சருக்கும் வேலை கிடைக்கும்.

அடுத்த புயலிலும் மரங்கள் சாயும். பழைய வீடுகள் பிரிக்கப்படும். அறுத்துத் துண்டாக்கி வண்டியேற்றுமுன், இழைப்புளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் அவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலிக்கும் கட்டை ஒன்று அதற்குள் இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய மர அறைகலன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அஃது எம்மரத்தால் ஆனது, எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊர்த் தச்சரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. 'பழையன யாவும் கழிவல்ல' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. வைரம், வெளிறு – வேறுபடுத்துக.
2. பலகையின் முனைகளில் மெழுகு பூசப்படுவது ஏன்?

சிறுவினா
1. வண்ணத்துப்பூச்சிப் பூட்டு வெடிப்பைத் தடுக்கும் முறையை விளக்குக.
2. முகாம் வாழ்க்கை நகாஷிமாவின் தொழிலில் ஏற்படுத்திய தாக்கத்தைக் கூறுக.

நெடுவினா
மீட்ட மரத்தை அறைகலனாக்கும் படிநிலைகளைத் தொகுத்து, அம்முறை உங்கள் ஊருக்கு எவ்வாறு பயன்படும் என்பதைக் கட்டுரையாக்குக.